பின்சக்கரம்

பன்னி என்றால் எங்கள் டர்பனில் முயல் கிடையாது.
கால் ரொட்டியைக் குடைந்து
பீன்ஸ் குழம்பு ஊற்றித் தருவார்களே, அது.
அதனால் பன்னி ஹாப் பழகப்போகிறேன் என்றதும்
பக்கத்து இருக்கை ரெவஷ்னி
ஹெட்போனைக் கழற்றி,
எந்தக் கடையில் என்று கேட்டாள்.

கடையில் இல்லை, ரெவஷ்னி.
வெஸ்ட்கிளிஃப் குடியிருப்புக்குப் பின்னால்
கார் நிறுத்துமிடத்தில்,
ஞாயிறு காலை ஐந்தரைக்கு,
ஆட்கள் எழுந்து சிரிக்கத் தொடங்கும் முன்.
கூரைக் குரங்குகளை மட்டும்
ஒன்றும் செய்ய முடியவில்லை.

மார்ச்சில், இறக்கத்து வளைவில்,
ஒரு பள்ளம் என்னை முன்சக்கரத்தோடு விழுங்கி
தாடையில் நான்கு தையலோடு துப்பியது.
புகார் எண் கொடுத்தார்கள், பதினொரு இலக்கம்.
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
பள்ளம் அப்படியே இருக்கிறது.
போன மழைக்கு யாரோ அதில்
ஒரு வாழைக்கன்று நட்டுவிட்டுப் போனார்கள்.
சரி, அது மூடாது.
நான் தாண்டுகிறேன்.

வயது நாற்பத்திரண்டு.
வண்டி பைன்டவுனில் பழசாக வாங்கியது.
இருக்கையை அடிமட்டம் வரை இறக்கிவிட்டு
ஒரு காலி கூல்டிரிங்க் டப்பாவைக்
குறுக்கே படுக்க வைத்தேன்.

முதல் இரண்டு வாரம்
சிக்கிக்கொண்ட இழுப்பறையை இழுப்பதுபோல்
கைப்பிடியை இழுத்தேன்.
எழும்பியது என் தோள் மட்டும்.

மூன்றாம் வாரம்தான் தெரிந்தது, இழுப்பதில்லை.
முதலில் குனிந்து அமுங்க வேண்டும்.
பிறகு கைகள் நீள
இடுப்பைப் பின்னால் எறிய வேண்டும்,
பின்னால் நாற்காலி இருக்கிறது என்று
பேசிக்கொண்டே உட்காருகிறவளைப் போல.
நாற்காலி இருக்காது.
அந்த இல்லாத நாற்காலியில் உட்காரும்போது
முன்சக்கரம் எழுகிறது.

மல்லாந்தது இரண்டு முறை.
ஹெல்மெட் தரையில் மோதினால்
தேங்காய் உடைக்கிற சத்தம்தான் வரும்.
மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்து மூடியது.

முன்சக்கரம் தாண்டிவிடும்.
பின்சக்கரம் வரும்.
டப்.

அப்போது எழுந்து நிற்க வேண்டுமாம்,
கைப்பிடியை முன்னே தள்ள வேண்டுமாம்,
சட்டியின் அடியை வழிப்பதுபோல்
பாதத்தால் பெடலைப் பின்னுக்கு வழித்து
மிச்ச வண்டியைத் தூக்க வேண்டுமாம்.
எல்லாம் அரை நொடிக்குள்.
எனக்கு ஏழு ஞாயிறு.
டப். டப். டப்.

ஆறு மணிக்கு லிண்டானி வருவார்,
டப்பா பொறுக்கும் தள்ளுவண்டியோடு.
லிண்டானி என்றால் காத்திருங்கள் என்று அர்த்தமாம்.
வாரத்தில் ஐந்து நாள்
தொலைபேசியில் எல்லோரிடமும்
நான் சொல்லும் ஒரே சொல் அது.
நசுங்கிய டப்பாவை எடுத்துப் பார்த்து,
நல்ல வேலை, சிசி, என்றார் முதல் நாள்.
நசுங்கினால் மூட்டையில் அதிகம் அடங்கும்.
அடுத்த வாரம் ஒரு மூட்டையையே கொட்டி
வரிசையாக அடுக்கினார்.
ஒன்றுகூடத் தப்பவில்லை.
தோற்பதில் நான் அத்தனை கச்சிதம்.

இன்று, பதினாறாவதோ பதினேழாவதோ,
சத்தம் வரவில்லை.
பிரேக்கைக் கூடப் பிடிக்காமல்
குப்பைத்தொட்டி வரை உருண்டுபோய்த்தான்
திரும்பிப் பார்த்தேன்.

டப்பா உருண்டையாகக் கிடந்தது.
லிண்டானி அதை எடுத்தார்.
இப்படியும் அப்படியும் திருப்பினார்.
என்னைப் பார்த்தார். டயரைப் பார்த்தார்.
இது என்ன, சிசி?

அது தப்பிவிட்டது, என்றேன்.
குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தரையில் போட்டு
குதிகாலால் ஒரே மிதி,
மூட்டைக்குள் எறிந்தார்.
பிறகு இன்னொன்றை எடுத்து,
கோடு போட்ட அதே இடத்தில்,
இம்முறை படுக்க வைக்காமல்
நிறுத்தி வைத்தார்.